மலை வீட்டு சோலாரைப் பெரிதாக்க: பேட்டரியா, பேனலா, லைனா?

எங்கள் வீடு தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஜீப் வந்து நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிடம் நடக்க வேண்டும். மின்கம்பம் அந்த ஜீப் பாதைக்குக்கூட வரவில்லை. 2016இல் சோலார் போட்டோம். 125 வாட் பேனல் நான்கு, 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் என்ற ஈய பேட்டரி இரண்டு, ஒரு சின்ன இன்வெர்ட்டர், எல்லாம் 12 வோல்ட். ஐந்து விளக்கு, ஒரு மின்விசிறி, டிவி, போன் சார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடின. இப்போது அம்மாவுக்கு இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இத்தனை நாள் மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவை இறக்கி வைத்துச் சமாளித்தோம். இனி ஃப்ரிட்ஜ் இல்லாமல் முடியாது.

அதே சமயம் பேட்டரியும் போகிற நிலையில் இருக்கிறது. முதல் ஜோடி நான்கு வருடம் ஓடியது. இரண்டாவது ஜோடி மூன்று வருடம். மூன்றாவது ஜோடிக்கு இரண்டரை வருடம்தான் ஆகிறது, இரவு ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. பழுது பார்க்க வந்தவர் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: "பேட்டரிய மாத்திருங்க, முடிஞ்சா இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க." இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து இருபது நாள் கணக்கு எழுதினேன். கீழே இருப்பதெல்லாம் அந்த நோட்டிலிருந்து வளர்ந்தவைதான்.

வீட்டில் இப்போது ஒரு நாளைக்குச் செலவாவது 1.2 யூனிட். அதோடு 180 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று சேர்ந்தால் 0.6, மிக்ஸியும் கிரைண்டரும் 0.2, தங்கையின் லேப்டாப்பும் நெட் டப்பாவும் 0.2, அரை எச்பி மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் 0.45. எல்லோரும் எழுத மறக்கும் ஒரு வரி இன்னும் இருக்கிறது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 20 வாட் எடுத்தால், 24 மணி நேரத்தில் அதுவே கிட்டத்தட்ட அரை யூனிட். ஆக மொத்தம் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும்.

இந்த மூன்று யூனிட்டை மாசி, பங்குனி வெயிலில் எதை வைத்தும் எடுத்துவிடலாம். அப்போது நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் கிடைக்கிறது. கீழ்ப் பழனிமலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த நாட்களில் மேகம் தோட்டத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். என் கணக்கில் நாளுக்கு ஒன்றரை மணி நேர வெயிலுக்குச் சமமான ஒளி வந்தால் அதிகம். பெரிதாக்குவதா, எப்படிப் பெரிதாக்குவது என்பதை இந்த இரண்டு மாதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வருடச் சராசரியை வைத்துப் போட்டால் கார்த்திகையில் வீடு இருட்டிவிடும்.

முதலில் பழைய யோசனையையே எடுத்துக்கொள்கிறேன்: அதே மாதிரி புது டியூபுலர் இரண்டு. எனக்குச் சொன்ன விலை ஜோடி 34,000 ரூபாய், பழசைக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். இருப்பதிலேயே சின்னச் செலவு இதுதான். வத்தலக்குண்டில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும், கெட்டால் யாராவது வந்து பார்ப்பார்கள். ஆனால் பேட்டரி ஏன் செத்தது என்று நான் பார்த்தபோது தப்பு பேட்டரியிடம் இல்லை. ஈய பேட்டரி தினமும் நிரம்ப வேண்டும், குறைந்தது வாரத்துக்கு ஒரு முறையாவது முழுதாக நிறைந்தே ஆக வேண்டும். அரைகுறையாக வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எங்கள் பேனல் ஐப்பசியில் கொடுப்பது நாளுக்கு அரை யூனிட். வீடு எடுப்பது 1.2. அந்த இரண்டு மாதமும் பேட்டரி பட்டினிதான் கிடந்திருக்கிறது.

அதற்கு மேல் ஒரு குறையும் கண்ணில் பட்டது. கூரையிலிருந்து பேட்டரி அறைக்கு ஒயர் இருபது மீட்டர். போகவும் வரவும் சேர்த்து நாற்பது. அதில் 28 ஆம்பியர் ஓடும்போது மூன்று வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே தொலைகிறது. பேனல் சூடேறி வோல்ட் இறங்கும் மதிய நேரத்தில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். டியூபுலர் நிரம்ப 14.4 வோல்ட் வேண்டும், எங்களுக்கு 13.5 கூடத் தாண்டவில்லை. நல்ல வெயில் காலத்திலும் அது முழுதாக நிறைந்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது வருடமாக யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, நானும்தான். இரண்டு ஜோடி பேட்டரிக் காசு அப்படிப் போனது.

அதனால் "இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க" என்பதை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். இரண்டு பேட்டரி இருந்தபோது மூன்றாம் நாள் இருட்டிய வீடு, நான்கு இருந்தால் ஆறாம் நாள் இருட்டும். அப்புறம் நான்கையும் அதே சின்னப் பேனல்தான் நிரப்ப வேண்டும். போதாததற்கு, பழசோடு புதுசை இணைத்தால் புதுசும் பழசின் நிலைக்கு இறங்கிவிடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது பேனல். 2016இல் பேனல்தான் பெரிய செலவு. இன்றைக்கு அது தலைகீழ். 540 வாட் பேனல் ஒன்று 14,000 ரூபாய்க்குச் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டியும் 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. இப்படி யோசித்துப் பாருங்கள்: 17,000 ரூபாய்க்கு ஒரு டியூபுலர் வாங்கினால், பாதி வரை பயன்படுத்தலாம் என்ற கணக்கில் 0.9 யூனிட் சேமிப்பு. அதை நிரப்ப வேறு யாராவது வர வேண்டும். அதைவிடக் குறைந்த காசுக்கு ஒரு பேனல் வாங்கினால் மேகமூட்ட ஐப்பசியிலும் தினமும் 0.65 யூனிட் வருகிறது. பேனலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இருபத்தைந்து வருடம் நிற்கும். நான்கு பேனல் போட்டால் 2,160 வாட். ஐப்பசிக் கணக்கில், வழியில் தொலைவதைக் கழித்தாலும், நாளுக்கு 2.6 யூனிட். மழைக்காலத்தில் மோட்டார் போட வேண்டியதில்லை, அதனால் அது கிட்டத்தட்டப் போதும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் சார்ஜ் கண்ட்ரோலர். எங்களிடம் இருப்பது பழைய பிடபிள்யூஎம் வகை. அது பேனலின் வோல்ட்டைப் பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 540 வாட் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. அதை 12 வோல்ட் பேட்டரியில் பிடபிள்யூஎம் வழியாக மாட்டினால் 13 வோல்ட், 13 ஆம்பியர், அதாவது சுமார் 170 வாட்தான் உள்ளே போகும். மீதி 370 வாட் காசு கொடுத்து வாங்கியும் கைக்கு வராது. பெரிய பேனலுக்கு எம்பிபிடி கண்ட்ரோலர் கட்டாயம். அது வோல்ட்டைக் குறைத்து அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டித் தரும்.

எம்பிபிடி வாங்கும்போது அதன் உச்ச வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 150 வோல்ட் என்று இருக்கும். சுமை இல்லாதபோது 540 வாட் பேனல் 49.5 வோல்ட் காட்டும். மூன்றைத் தொடராக மாட்டினால் 148.5, உள்ளே அடங்கிவிட்டது போலத் தெரியும். அந்த 49.5 என்பது 25 டிகிரிக் கணக்கு. குளிரக் குளிர பேனலின் வோல்ட் ஏறும். மார்கழிக் காலையில் இங்கே 10 டிகிரிக்கு இறங்கினால் மூன்றும் சேர்ந்து 154 வோல்ட் ஆகி, கண்ட்ரோலர் ஒரே விடியலில் போய்விடும். அதனால் இரண்டு இரண்டாகத் தொடர்ந்து, அந்த இரு ஜோடியைப் பக்கவாட்டில் இணைப்பதுதான் இங்கே சரி. வோல்ட் 83க்கு ஏறுவதால் அதே பழைய தடிமன் ஒயரிலும் இழப்பு நான்கு சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

12 வோல்ட்டிலேயே தொடர்வதா, 24ஆ, 48ஆ என்பது அடுத்த கேள்வி. ஆயிரம் வாட் எடுக்க 12 வோல்ட்டில் 83 ஆம்பியர், 48 வோல்ட்டில் 21. ஒயரில் சூடாகத் தொலைவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஒரே ஒயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். கண்ட்ரோலர் விலையிலும் இது தெரியும். 2,160 வாட்டை 24 வோல்ட்டில் ஏற்ற 90 ஆம்பியர் தாங்கும் கண்ட்ரோலர் வேண்டும், 48இல் 45 ஆம்பியர் போதும். விளக்கும் மின்விசிறியும் மட்டும்தான் என்றால் 12 வோல்ட்டில் ஒரு குற்றமும் இல்லை. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் வந்துவிட்டால் நான் 48க்குத்தான் போவேன். 24 பாதி வழி. இன்னொரு முறை பெரிதாக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டி வரும்.

இனி எல்லோரும் கேட்பது: லிதியமா, டியூபுலரா? இங்கே லிதியம் என்றால் லிதியம் அயன் பாஸ்பேட். 48 வோல்ட்டுக்கு டியூபுலர் நான்கு வேண்டும். 68,000 ரூபாய், 7.2 யூனிட் கொள்ளளவு, ஆயுளைப் பார்த்துப் பயன்படுத்தினால் 3.6. 51.2 வோல்ட் 100 ஏஎச் லிதியம் ஒன்று எனக்குச் சொன்ன விலை 85,000. கொள்ளளவு 5.1 யூனிட், அதில் 4.6 வரை எடுக்கலாம். ஆக, கைக்கு வரும் ஒரு யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் வாங்கும் நாளிலேயே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துவிட்டன. சில வருடம் முன்னால் இப்படி இல்லை.

எனக்கு விலையைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. ஈய பேட்டரி நிறையாமல் கிடந்தால் கெடுகிறது, லிதியத்துக்கு அந்த நோய் இல்லை. ஐப்பசி முழுக்க 30 சதவீதத்துக்கும் 60க்கும் நடுவிலேயே ஏறி இறங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எங்கள் மலைக்கு இதுவே போதுமான காரணம். ஈய பேட்டரியில் போட்ட மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போகிறது, லிதியத்தில் இருபதில் ஒரு பங்குதான். வெயில் அரிதாக இருக்கும் மாதத்தில் அந்த வித்தியாசம் விளக்கு வெளிச்சமாகவே தெரியும். அப்புறம் கனம். டியூபுலர் ஒன்று 55 கிலோவுக்கு மேல், நான்கும் சேர்ந்தால் 220 கிலோ, ஆசிட்டோடு. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அதை ஆள் வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். லிதியம் ஒன்றே ஒன்று, 45 கிலோ.

லிதியத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிஎம்எஸ் என்ற ஒரு காவல் பலகை இருக்கிறது. அது கெட்டால் பேட்டரி நன்றாக இருந்தும் வீடு இருட்டாகும், வத்தலக்குண்டில் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான் காட்டும். அதனால் போவது வருவதை எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எங்கள் உயரத்தில் அந்தக் கவலை இல்லை, ஆனால் உறைபனி விழும் கொடைக்கானல் மேல்மலையில் இருப்பவர்கள் அதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். பழைய ஈய பேட்டரிக்கு வாங்க ஆள் தேடி வருவார்கள், லிதியத்துக்கு அந்தச் சந்தை இன்னும் நம் ஊர்ப்பக்கம் வரவில்லை. இத்தனையும் வைத்துப் பார்த்தும் எனக்கு லிதியம்தான். சமவெளியில், வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ராமநாதபுரம் பக்கம் தோப்பு வீடு வைத்திருப்பவர், பேனலைத் தாராளமாகப் போட்டால், டியூபுலரிலேயே ஏழு வருடம் ஓட்டலாம்.

இன்வெர்ட்டரில் இரண்டு வழி. கண்ட்ரோலர், சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும் ஹைபிரிட் வகை மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் 5 கிலோவாட் பெட்டி சும்மா இருப்பதற்கே 50 வாட் எடுக்கும். நாளுக்கு 1.2 யூனிட், அதாவது எங்கள் வீடு இன்றைக்கு எடுக்கும் மொத்த மின்சாரம்! ஒரு பாகம் கெட்டால் எல்லாமே நின்றுவிடும். நான் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள 2 கேவிஏ சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும்) இன்வெர்ட்டரைத் தனியாகவும் எம்பிபிடியைத் தனியாகவும் வாங்கத் தீர்மானித்தேன். மோட்டாரும் ஃப்ரிட்ஜும் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வகை அதைத் தாங்கும். வாங்கும் முன் சும்மா இருக்கும்போது எத்தனை வாட் எடுக்கிறது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

லைன் இழுப்பதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இரண்டு மூன்று கம்பத்தில் வந்துவிடும் தூரம் என்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு அளவு யூனிட் இலவசம், எங்கள் தேவை இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். எந்த சோலாரும் அந்தச் செலவோடு போட்டி போட முடியாது. எங்களுக்குக் கம்பம் தூரம், நடுவில் காட்டு எல்லை. லைன் உள்ள பக்கத்து எஸ்டேட்டில் மரம் விழுந்தால் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் கிடைக்குமா என்றும் விசாரித்தேன். அது லைனோடு இணைந்த கூரை சோலாருக்கு மட்டும். லைன் இல்லாத தோட்டத்துக்கு மானியத்தோடு அப்போது கிடைத்தது விவசாயிகளுக்கான பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்ப், அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் போக வேண்டியிருந்தது.

ஜெனரேட்டரை முழு வழியாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சின்ன ஜெனரேட்டர் தருவது ஒன்றரை முதல் இரண்டு யூனிட், ஒரு யூனிட் ஐம்பது ரூபாய்க்கு மேல். இந்த உயரத்தில் காற்று மெலிவதால் அதன் பலமும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைந்துவிடும். ஆனால் வருடத்தில் பத்து நாள் வெயிலே வராமல் போவதற்காக இன்னொரு 85,000 ரூபாய் பேட்டரி வாங்குவதைவிட, அந்தப் பத்து நாளும் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றுவது மலிவு. இன்சுலின் இருக்கும் வீட்டில் அது ஒரு ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு ஆசை இருப்பது ஓடையின் மேல். தோட்டத்து ஓடை வினாடிக்கு ஒரு லிட்டர் ஓடி, இருபது மீட்டர் கீழே விழுந்தால், பாதி தொலைந்தாலும் 100 வாட் வரும். 100 வாட்தானா என்று தோன்றும். அது இரவு பகல் ஓடும், நாளுக்கு 2.4 யூனிட். அதிலும் வெயில் இல்லாத ஐப்பசியில்தான் ஓடை நிறைந்து ஓடும். இதைவிடப் பொருத்தமான ஜோடி மலை வீட்டுக்கு வேறு இல்லை. சித்திரையில் ஓடை வற்றும், வாய்க்குழாயில் இலை அடைக்கும், குழாய் இழுக்கவே தனிச் செலவு. ஆகவே இந்த வருடம் இல்லை. ஆனால் 48 வோல்ட் பேட்டரி வந்துவிட்டால் பிறகு ஓடையை அதிலேயே கொண்டுவந்து சேர்க்கலாம்.

எந்த வழியானாலும் பிரேக்கரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 2016இல் எங்களுக்குப் போட்டவர் பேட்டரிப் பக்கத்தில் வீட்டு ஏசி எம்சிபியையே (மெயின் பெட்டியில் இருக்கும் சின்ன பிரேக்கர்) மாட்டியிருந்தார். ஏசி மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி தானே அணையும். பேனலும் பேட்டரியும் தரும் டிசியில் அப்படி இல்லை, பொறி பிடித்தால் விடாது. பிரித்துப் பார்த்தபோது எம்சிபியின் உள்பக்கம் கரிந்து கிடந்தது. கூரை மரக்கூரை. பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் டிசிக்கென்றே செய்த பிரேக்கரும் ஃபியூஸும், இடி மின்னலுக்கு நல்ல எர்த்தும் போட்ட பிறகுதான் மற்றது.

ஒரே சமயத்தில் முழுக் காசும் கையில் இல்லை, எங்களுக்கும் இல்லை. அதனால் வரிசை இப்படி. புரட்டாசிக்குள் பேனல் நான்கும், 60 ஆம்பியர் எம்பிபிடியும், பிரேக்கர்களும். 12, 24, 48 மூன்றிலும் வேலை செய்யும் கண்ட்ரோலராக வாங்கினால் இப்போதைக்குப் பழைய 12 வோல்ட் பேட்டரியிலேயே மாட்டி, சார்ஜ் ஆம்பியரை 30இல் நிறுத்திவைக்கலாம். பகலில் வீடு எடுப்பது போகத்தான் பேட்டரிக்குப் போகும், அதுவும் ஒருவழியாக 14.4ஐத் தொடும். காப்பிக் காசு தையில் வரும், அப்போது லிதியமும் 48 வோல்ட் இன்வெர்ட்டரும். அதுவரை ஃப்ரிட்ஜுக்குப் பதில் பண்ணைக்காட்டில் சொந்தக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலினை வைத்து, பத்து நாளைக்கு ஒரு முறை ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறேன். மோட்டாரை மதியம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஓட்டி மேட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டால் தண்ணீருக்காகப் பேட்டரியைத் தொட வேண்டாம்.

48 வோல்ட் வந்த பிறகும் பழைய நான்கு பேனலைக் கழற்றப் போவதில்லை. ஒயரை மட்டும் தடிமனாக மாற்றி, அந்த பிடபிள்யூஎம் கண்ட்ரோலரோடு ஒரு 12 வோல்ட் பேட்டரியை வைத்து, சமையலறையிலும் அம்மா அறையிலும் வாசலிலும் டிசி விளக்குகளைத் தனியாக விடுகிறேன். பெரிய இன்வெர்ட்டர் ஒரு நாள் நின்றாலும் அந்த மூன்று விளக்கும் எரியும்.